பூங்காவின் நன்மை யாருக்கு?

ஆம்பூரில் நான் பத்திர எழுத்தர். மனைப்பிரிவு போடுகிறவர்கள் சாலையையும் பூங்கா இடத்தையும் நகராட்சிக்கு எழுதிக்கொடுக்கும் தானப்பத்திரங்கள் நிறைய என் கை வழியே போயிருக்கின்றன. 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைத்தே ஆகவேண்டும். பதிலுக்குப் பணம் கட்ட வழியில்லை.

சட்டம் வாங்கிக்கொண்டதில் என்ன நன்மை சேரும் என்று கேட்பார் நண்பர் ஒருவர். முஸ்லிம்களாகிய எங்களுக்கு ஜகாத்தும் கட்டாயம்தானே? ஓராண்டு கையில் நின்ற செல்வத்தில் இரண்டரை சதவீதம். கட்டாயம் என்பதால் அது வணக்கம் ஆகாமல் போவதில்லை, ஏழையின் பங்கு அதில் முதலிலேயே இருக்கிறது. நிலமும் அப்படித்தான். வயலை மனையாக்கி விலையேற்றியது பக்கத்து நெடுஞ்சாலையும் ஷூ கம்பெனிகளும், அங்கே உழைக்கிறவர்களும். ஊரின் பங்கை ஊருக்குத் தருவது கடமை, கடமையிலும் இறைவன் இருக்கிறான்.

என்னை உறுத்துவது வேறு. பூங்காவுக்கான செலவு சதுர அடி விலையில் ஏறிவிடுகிறது. ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதி தைக்கும் பெண், நகையை அடகு வைத்து மனை வாங்கும்போது அதையும் சேர்த்தே கொடுக்கிறாள். தானப்பத்திரத்தில் அவள் பெயர் இல்லை. ஒருவர் செலவு இன்னொருவர் தலையில் விழுவது இங்கே புதிதல்ல. தோல் ஆலைக் கழிவு பற்றிய பாலாற்று வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்றது. அதுவரை அதைச் சுமந்தவர் கிணறு கெட்டுப்போன விவசாயி.

மறுமைக் கணக்கில் அந்த 10 சதவீதம் மனை வாங்கிய அந்தப் பெண் பேரிலும் எழுதப்படும் என்று உறுதியாக நம்புகிறேன். ஒப்படைத்த இடத்தில் கருவேலம் மண்டவிடாமல் காப்பது நகராட்சி அவளுக்குப் பட்டிருக்கும் கடன்.