இயேசுநாதர் பாரதம் வந்து கற்றாரா? – சைவ அளவை நோக்கில் ஒரு சிந்தனை

எமது ஆலய மேடைகளில் அவ்வப்போது கேட்கப்படும் ஒரு செய்தியைப் பற்றி இங்கு சிறிது சிந்திக்கலாம் என எண்ணுகின்றேன். இயேசுநாதர் தமது இளமைக் காலத்தில் பாரத தேசம் வந்து, வேதங்களைக் கற்று, யோகம் பயின்று, அதன் பின்னரே தமது நாட்டுக்குத் திரும்பி உபதேசம் செய்தார் என்பதே அச்செய்தி. இதனை மேடையில் முழங்கியவர்களுள் அடியேனும் ஒருவன். ஆகையால் பிறரைக் குறை கூறும் நோக்கம் எனக்கில்லை.

இற்றைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், எமது ஆலய மகோற்சவத்தில் ஏழாம் திருவிழா இரவு சமயச் சொற்பொழிவு செய்யும் பேறு எனக்குக் கிடைத்தது. சமய ஒற்றுமையே தலைப்பு. அந்நாட்களில் ஒரு சஞ்சிகையில் வாசித்ததை வைத்துக்கொண்டு, “இயேசுநாதரே எங்களிடம் வந்துதான் படித்தார்” என்று சற்று உரத்த குரலிலேயே சொன்னேன். கைதட்டல் எழுந்தது. சுவாமி வெளிவீதி வருவதற்கு இன்னும் நேரமிருந்தபடியால் அதையே மேலும் விரித்துப் பேசினேன்.

மறுநாள் பாடசாலையில், என்னுடன் படிப்பித்த கத்தோலிக்க ஆசிரியர் ஒருவர் அருகில் வந்தார். முதல்நாள் இரவு மனைவி பிள்ளைகளுடன் திருவிழா பார்க்க வந்திருந்தவர். “மாஸ்ரர், பேச்சு நல்லாய் இருந்தது. ஆனால் அந்த ஏட்டை ஆர் பார்த்தது?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. “பெரிய ஆராய்ச்சியாளர் ஒருவர் பார்த்திருக்கிறார்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வியின் பதிலைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

அந்த ஏட்டைப் பார்த்ததாகச் சொன்னவர் நிக்கொலாய் நொட்டோவிச் என்னும் ரஷ்ய நாட்டவர். 1887ஆம் ஆண்டு காஷ்மீரம் வழியாக லடாக் சென்றவர். லே நகருக்கு அப்பால் ஹெமிஸ் என்னும் பௌத்த மடாலயம் உள்ளது. அதன் அருகே குதிரையிலிருந்து விழுந்து தமது கால் முறிந்ததாகவும், மடத்தில் தங்கிச் சிகிச்சை பெற்ற வேளையில் தலைமை லாமா இரண்டு பெரிய ஏடுகளை எடுத்து வாசித்துக் காட்டியதாகவும், மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்லத் தாம் குறித்துக்கொண்டதாகவும் அவர் எழுதினார். அக்குறிப்புகளைத் தாமே ஒழுங்குபடுத்தி 1894ஆம் ஆண்டு பரிஸ் நகரில் பிரெஞ்சு மொழியில் நூலாக வெளியிட்டார். அந்நூலில் இயேசுநாதரின் பெயர் ‘ஈசா’. பதின்மூன்று வயதில் கலியாணப் பேச்சு எழுந்தபோது வீட்டைவிட்டு வணிகர்களுடன் சிந்து தேசம் வருகிறார். ஜகந்நாதம், இராஜகிருகம், காசி ஆகிய இடங்களில் பிராமணர்களிடம் கற்கிறார். பின்னர் நேபாள தேசத்தில் பௌத்த சூத்திரங்களைப் பயில்கிறார். பாரசீகம் வழியாக இருபத்தொன்பதாவது வயதில் ஊர் திரும்புகிறார்.

நூல் வெளிவந்த அதே ஆண்டு மாக்ஸ் முல்லர் இதனை மறுத்து எழுதினார். இருக்கு வேதத்தைச் சாயன பாஷ்யத்துடன் அச்சேற்றிய அவர், பாரதத்தின் பெருமைக்கு எதிரானவர் அல்லர். திபெத்திய பௌத்த நூற்பட்டியல்களில் இப்படியொரு நூல் இல்லை என்றும், கால் முறிந்த ரஷ்யர் எவரும் ஹெமிசில் தங்கவில்லை என லே நகரிலிருந்து கடிதம் வந்துள்ளது என்றும் எடுத்துக்காட்டினார். நொட்டோவிச் பொய் சொன்னாரா, அல்லது மடத்திலுள்ளவர்கள் அவரோடு விளையாடினார்களா என்றும் ஐயம் எழுப்பினார். அடுத்த ஆண்டு, 1895இல், ஆக்ராவில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆர்ச்சிபோல்ட் டக்ளஸ் என்பவர் நேரிலேயே ஹெமிசுக்குச் சென்றார். நொட்டோவிச் சொன்னது மெய்யாகவே இருக்கும் என எதிர்பார்த்துச் சென்றவர் அவர். லடாக்கில் தபாலதிபராக இருந்த ஒருவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு, நொட்டோவிச்சின் நூலைத் தலைமை லாமாவுக்கு வாசித்துக் காட்டினார். அப்படியொரு விருந்தினர் வரவுமில்லை, அப்படியொரு நூல் எம்மிடம் இருந்ததுமில்லை என்று லாமா கூறி, அதனை எழுதிய பத்திரத்தில் முத்திரையும் இட்டுக் கொடுத்தார். இது 1896இல் அச்சாகியது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச்சீடருள் ஒருவரான சுவாமி அபேதானந்தர் 1922ஆம் ஆண்டு ஹெமிஸ் சென்றார். அங்கு ஒரு லாமா அந்த ஏட்டைத் தமக்குக் காட்டியதாக அவரது வங்காளப் பிரயாண நூல் கூறுகின்றது. இதனையே எமது பேச்சாளர்கள் பெரும் சான்றாகக் கொள்வர். சுவாமிகள்பால் எனக்குள்ள பக்தி குறைந்ததல்ல. எனினும் அந்த ஏடு அதன் பின்னரும் அறிஞர்களின் பரிசோதனைக்கு வரவில்லை. அதன் மூலப் பிரதி எதுவும் இன்றுவரை அச்சேறவில்லை.

இனி எமது சித்தாந்தம் என்ன சொல்கின்றது எனப் பார்ப்போம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைத் தொடங்கும்போதே அளவைகளை வைத்தார். ஒன்றை உண்மை எனக் கொள்வதற்குக் காண்டல், கருதல், உரை என மூன்று வழிகள். கடவுளைப் பற்றிப் பேசும் நூல் ஏன் இப்படித் தொடங்க வேண்டும்? அளக்கும் கோல் சரியில்லாவிட்டால் அளந்த பொருளும் சரிவராது என்பதனாலேயே. அந்தி மயங்கும் வேளையில் கயிற்றைப் பாம்பென்று காண்பது திரிபு. கயிறோ பாம்போ என்று தடுமாறுவது ஐயம். இரண்டும் நீங்கியதே காட்சி.

ஹெமிஸ் ஏட்டுக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால், காண்டல் அளவைக்கு ஏடே கைக்கு வரவில்லை. எஞ்சுவது உரை அளவை. உரையோ குற்றமற்றவன் வாக்காக இருக்க வேண்டும். நொட்டோவிச் தமது மனம்போல் வரிசைப்படுத்தியதாகத் தாமே ஒப்புக்கொண்டவர். கருதல் அளவையைக் கொண்டு சிலர் வாதிடுவர்: அக்காலத்தில் எகிப்துக் கரையிலிருந்து ஆண்டொன்றுக்கு 120 கப்பல்கள் பாரதத்துக்குப் புறப்பட்டன என ஸ்திராபோ என்னும் கிரேக்கர் எழுதியுள்ளாரே, வர முடியாதா? வர முடியும்தான். நெல்லை விதைத்தால் விளையும் என்பது உண்மை. அதனால் அடுத்த வீட்டுக்காரர் இவ்வாண்டு விதைத்தார் என்று ஆகிவிடுமா?

மறுபக்கம் கிறிஸ்தவர்களின் சுவிசேஷ நூல்களையும் பார்க்க வேண்டும். எமது ஆறுமுகநாவலர் அவர்கள் பேர்சிவல் பாதிரியாருடன் சேர்ந்து விவிலியத்தை மொழிபெயர்த்தவர். பிற்காலத்தில் பாதிரிமாரை மறுத்தபோதும் அவர்களுடைய நூலைக் கற்றறிந்தே மறுத்தார். அந்த வழக்கம் எங்களிடம் குறைந்து போயிற்று. லூக்காவின் சுவிசேஷம், பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே இருந்த இயேசுவைக் காட்டிவிட்டு, அவர் பெற்றோருடன் நாசரேத்துக்குத் திரும்பி அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்கின்றது. பின்னர் ஏறத்தாழ முப்பது வயதிலேயே அவரைக் காண்கிறோம். இடைவெளி இருப்பது உண்மை. ஆனால் மாற்குவின் சுவிசேஷத்தில் ஊரவர்கள் அவர் பேசுவதைக் கேட்டு, இவன் எங்கள் தச்சன் அல்லவா, தாயும் சகோதரரும் இங்குதானே இருக்கிறார்கள், இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று வியக்கின்றனர். பதினாறு வருடம் வெளிதேசத்தில் இருந்து வந்த ஒருவரைப் பற்றி எந்த ஊரவரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். எங்கள் ஊரில் இரண்டு வருடம் வெளிநாடு போய் வந்தவரையே எப்படிப் பேசுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய உவமைகளும் விதைப்பவன், கடுகு விதை, வலை வீசும் மீனவன், தொலைந்த ஆடு எனக் கலிலேயா நாட்டின் வயலிலும் கரையிலும் பிறந்தவை. அயலானை நேசி என்னும் போதனை அவருடைய முன்னோரின் லேவியராகமத்திலேயே உள்ளது.

எனக்கு மிகவும் வெட்கத்தைத் தந்த விடயம் வேறு. நொட்டோவிச்சின் நூலைப் பிற்காலத்தில் முழுமையாக வாசித்தபோதுதான், அதில் வரும் ஈசா வேதங்களும் புராணங்களும் தெய்வ வாக்கு அல்ல என மறுப்பதைக் கண்டேன். மும்மூர்த்திகளை மறுக்கிறார், விக்கிரக வழிபாட்டைக் கண்டிக்கிறார். அதனால் பிராமணர்கள் அவரைக் கொல்லத் தேட, இரவோடிரவாகத் தப்பி ஓடுகிறார். சண்முகப் பெருமானைத் தோளிலே சுமந்து வரும் ஒரு வீதியில் நின்று, எங்களுக்குப் பெருமை என்று நான் முழங்கிய கதை இதுதான்! வாசியாமல் பேசியதன் பலன்.

காஷ்மீரத்தைப் பற்றிய கதை இன்னொன்றும் உண்டு. இயேசு சிலுவையில் மரிக்கவில்லை, உயிர்பிழைத்துக் காஷ்மீரம் வந்து முதுமையில் காலமானார், ஸ்ரீநகரில் கான்யார் பகுதியிலுள்ள ரோஸாபால் என்னும் சமாதி அவருடையதே என அகமதியா இயக்கத்தின் ஸ்தாபகர் மிர்சா குலாம் அகமது 1899இல் எழுதினார். அங்கு அடக்கமானவரின் பெயர் யூஸ் ஆசாப் என்று வழங்குகின்றது. இந்தப் பெயரை ஆராய்ந்த அறிஞர் பலர் காட்டும் வழி சுவையானது. போதிசத்துவர் என்ற சொல் அரபு மொழியில் பூதாசாப் ஆயிற்று. எழுத்தில் ஒரு புள்ளி மாறியதால் யூதாசாப் ஆயிற்று. அரண்மனையைத் துறந்த சித்தார்த்தரின் கதை அப்பெயருடன் ஜோர்ஜிய மொழிக்கும், அங்கிருந்து கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் போய், ஜோசபாத் என்னும் கிறிஸ்தவ அரசிளங்குமரனின் கதையாக மாறியது. அந்த ஜோசபாத்தை நவம்பர் 27ஆம் திகதிக்குரிய புனிதராகக் கத்தோலிக்கர் பல நூற்றாண்டுகள் நினைவுகூர்ந்தனர். அதாவது புத்தர் பெருமானை அறியாமலே வணங்கினர். கிழக்கிலிருந்து மேற்கே ஒரு மகானின் கதை நடந்து போனதற்கு ஏட்டுச் சான்று படிப்படியாக இருக்கின்றது. இதனை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அதிலே எங்களுக்குப் பெருமை இல்லை என்பதனால் போலும்!

சரி, நல்ல நோக்கத்துடன் தானே சொன்னோம், சமய ஒற்றுமைக்காகத்தானே என்று கேட்கலாம். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே? பல நாள் இதனை எண்ணிப் பார்த்தேன். அங்கே ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் தங்கியுள்ளது. என் பேச்சினால் மகிழ்ந்தவர்கள் யார்? நாங்கள். யார் மனம் வாடியது? பிள்ளைகளுடன் விருந்தாளியாக வந்து வீதியில் மணலில் இருந்தவர். அவர் தெய்வமாக வழிபடுபவரை எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்து மாணாக்கராக்கி, அதை ஒற்றுமை என்றேன்.

இதையே எங்களுக்கு ஒருவர் செய்தபோது எப்படி இருந்தது? திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் பாதிரியார், வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவ போதகர்களுடன் உலாவி அவர்களுடைய கருத்துகளை உள்வாங்கியிருக்கலாம் என்று முன்னுரையில் எழுதினார். திருவாசகத்தையும் உலகறியச் செய்த பெரியவர் அவர். அன்பினாலேயே அப்படி எழுதினார் என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் எங்கள் அறிஞர்கள் பொறுக்கவில்லை. சான்று எங்கே என்று கேட்டார்கள். கேட்டது நியாயமே. அப்படியாயின் அந்தக் கத்தோலிக்க ஆசிரியர் கேட்டதும் அதே நியாயம்தான்.

சமய நோக்கில் இன்னொன்றும் உண்டு. எவர் எந்தத் தெய்வத்தை வழிபட்டாலும் அத்தெய்வமாக நின்று அருள்செய்பவர் உமையொருபாகரே எனச் சித்தியார் கூறும். விறகில் தீயும் பாலில் நெய்யும் போல எங்கும் மறைந்து நிற்பவன் எம்பெருமான் என்பது அப்பர் சுவாமிகளின் அனுபவம். அப்படியானால் நாசரேத்திலுள்ள ஒரு தச்சுப்பட்டறையில் அவன் இல்லையா? ஓர் ஆன்மாவுக்கு ஞானம் கிடைக்க அது ஜகந்நாதம் வரை ஒட்டகத்தில் வந்தாக வேண்டும் என்று சொல்லும்போது, நாம் உயர்த்துவது எங்கள் ஊரை, குறுக்குவது இறைவனை. பரமஹம்சர் 1874ஆம் ஆண்டளவில் தட்சிணேசுவரத்துக்கு அருகே ஒரு வீட்டில் மாதாவும் குழந்தையுமாக இருந்த படத்தைப் பார்த்து இயேசுவின் தரிசனம் பெற்றார். இராமகிருஷ்ண மடங்களில் இன்றும் நத்தாருக்கு முதல்நாள் மாலை இயேசுவின் படத்துக்கு மலர் சாத்துகிறார்கள். அதற்கு எந்த ஏட்டையும் அவர்கள் எதிர்பார்த்து நிற்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதம் அந்த ஆசிரியரின் வீட்டுக்குப் போனேன். இருவரும் ஓய்வுபெற்றுவிட்டோம், அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. ஹெமிஸ், லாமா, டக்ளஸ் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, அன்று நான் பேசியது பிழை என்றேன். போப் பாதிரியாரின் முன்னுரையையும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், மனைவியைக் கூப்பிட்டுத் தேநீருக்குச் சொல்லிவிட்டு, “அப்ப சரி மாஸ்ரர், உங்கட வள்ளுவரை நாங்களும் திருப்பித் தந்திட்டம்” என்றார்.