கற்கும் கையும் கொல்லாமையும்

கையால் செய்து கற்பதே நிலைக்கும் கல்வி என்று நாம் பயிற்றுவிக்கப்பட்டோம். பணி ஓய்வு பெறும்வரை 36 ஆண்டுகள் அதையே பயிற்றுவித்தும் வந்தோம். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாயல், நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளிலும் மறைந்துவிடவில்லை. தக்ளியில் நூல் நூற்றோம், களிமண் பிசைந்தோம், விதைகளை முளைக்கவிட்டு நாள்தோறும் குறிப்பெழுதினோம். அதே பயிற்சியில்தான் வண்ணத்துப்பூச்சியைக் குண்டூசியால் குத்தி அட்டையில் பொருத்தவும் சொன்னார்கள். எறும்புக்கும் வழிவிடும் இல்லத்தில் வளர்ந்த நாம், மதிப்பெண்ணுக்காக அதைச் செய்தோம். அன்று எழாத வினா, சென்ற ஆண்டு ஒரு தகர டப்பாவைத் திறந்தபோது எழுந்தது.

செங்கற்பட்டில் வாழும் எம் தங்கை மகள், தன் ஒன்பது வயது மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் இல்லத்திலேயே கற்பிக்கிறாள். சுற்றத்தார் பலருக்கு இது பிடிக்கவில்லை. பதினான்கு வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம் என்று விளக்கிய பிறகும் பெருமூச்சு விடுகிறார்கள். அது நிற்க. செய்முறைப் பாடங்களுக்கு அவள் நம்மிடம் யோசனை கேட்டாள். மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துச் சென்று கிளிஞ்சல்களைப் பொறுக்கி வகைப்படுத்தச் சொன்னோம். சிறுவன் அறுபதுக்கு மேல் சேர்த்துவிட்டான். மூன்றாம் நாள் டப்பாவிலிருந்து நாற்றம் வீசியது. காலிச் சங்கு என்று எண்ணி எடுத்தவற்றுள் இரண்டில், பிற உயிர் விட்டுச்சென்ற ஓட்டைத் தன் வீடாகக் கொள்ளும் நண்டுகள் இருந்திருக்கின்றன. அவன் அழுதான். "நீங்கதானே பாட்டி எடுத்துவரச் சொன்னீங்க?" என்றான்.

நம் அறநூல்கள் இம்சையை நான்காகப் பகுக்கின்றன. வேண்டுமென்றே செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லறச் செயல்களில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்பன ஏனைய மூன்று. இல்லறத்தார் முதலாவதை முற்றும் விடவேண்டும். மற்றவற்றை இயன்றவரை குறைக்கவேண்டும். வண்ணத்துப்பூச்சியைக் குத்தியது முதல் வகை என்பதில் ஐயமில்லை. நண்டுகளின் சாவு எந்த வகை? கல்வியும் ஒரு தொழிலே, உழுகின்ற ஏரில் புழு மடிவதைப் போன்றதே இதுவும் என்று உறவினர் ஒருவர் நம்மைத் தேற்றினார். நம்மவருள் பெரும்பாலோர் உழவுக்குடியினர். ஏரின் குற்றத்தை நாம் அறிவோம். ஆயினும் அவ்வொப்புமையை ஏற்க மனம் இடம்தரவில்லை. உழவனுக்கு வேறு வழி குறைவு. கிளிஞ்சலை அறியவோ, கொல்லாத வழி கண்முன்னே இருந்தது. எடுத்துப் பார்த்து, வரைந்துகொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில் கவனமின்மையையே அதன் வேராக வைக்கிறது. கவனமின்றி இருந்தது சிறுவனன்று. பாடம் வகுத்த நாம்.

இதைக் கேட்டு, எதையும் தொடவே வேண்டாம், படத்தில் காட்டினால் போதும் என்பாரும் உளர். கல்லூரிகளில் விலங்கியல் படிப்புக்காக உயிர்களை அறுத்துப் பார்ப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் விலக்கியது நமக்கு உவப்பே. ஆனால் ஒன்பது வயதுக் குழந்தைக்குப் படம் மட்டும் போதாது. தொட்டறியாத உயிரிடம் இரக்கம் எங்ஙனம் பிறக்கும்? அவ்விரு நண்டுகள் அவனுக்குக் கற்பித்ததை எந்தப் படமும் கற்பித்திராது. இதை எழுதக் கூசுகிறோம். அதனால் அந்த விலை தகும் என்று ஆகிவிடாது.

ஆகவே பாடங்களை மாற்றினோம். பருவத்தில் வேடந்தாங்கல் சென்று கோபுரத்தின் மேலிருந்து பறவைகளை எண்ணுகிறான். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூரார், தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்தவர்கள். வேட்டையைத் தடுக்கும் அவர்களது உரிமையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் ஏற்றுக்கொண்டார். அங்கு வயலுக்குப் பாயும் வாய்க்கால் நீரை ஒரு குடம் கொண்டுவந்து, அதை ஒரு தொட்டிக்கும் கிணற்று நீரை மற்றொரு தொட்டிக்கும் ஊற்றி அரைக்கீரை வளர்த்தான். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதையும் அப்படியே குறித்துவைத்தான். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் தவம் செய்யும் பூனையைக் களிமண்ணில் வனைந்தான், எலிகளையும் விட்டுவிடவில்லை.

இப்போது நீர்ப் பாடம் நடக்கிறது. சமையலறையில் நீர் வடிகட்டும் துணியையே கருவியாகக் கொண்டோம். கொளவாய் ஏரியின் நீரை வடித்தபின், துணியை அந்த ஏரிநீரிலேயே அலசி விடுகிறோம். இது முன்னோர் கண்ட முறை. அலசுமுன் துணியில் தங்கியதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பது மட்டுமே நாம் சேர்த்தது. தகட்டில் ஒரு துளியை வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "துளி காஞ்சு போச்சுன்னா இதெல்லாம் என்ன ஆகும், பாட்டி?" என்று கேட்டான். நாம் அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. மறுநாள் முதல் துளிக்குப் பதிலாகச் சிறு கண்ணாடிக் கிண்ணம் நிறைய நீர் வைத்துப் பார்க்கிறான். துளியில் தெரிந்த அளவு இதில் தெளிவாகத் தெரியவில்லை என்ற குறை அவனுக்கு இருக்கிறது.