புழுங்கலரிசியும் ஓர் அறக்கேள்வியும்

நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்தினால் புழுங்கலரிசி. அவிக்காமல் குத்தினால் பச்சரிசி. நம் இல்லங்களில் இவ்வேற்றுமை சுவையைப் பற்றியது; பொங்கலுக்கு எது, அன்றாடச் சோற்றுக்கு எது என்பதோடு முடிந்து போவது. ஆனால் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர், இதே மண்ணில், மனிதர் சிலர் வாழ்வதா இறப்பதா என்பதை முடிவு செய்ததும் இவ்வேற்றுமையே. அந்த வரலாற்றை எனக்கு நினைவூட்டியவள் என் பழைய மாணவி ஒருத்தி.

அவள் இப்போது மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு பயில்கிறாள். விடுமுறையில் பள்ளிக்கு வந்தவள், அலுவலகத்தில் என் எதிரே அமர்ந்து, "ஐயா, மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற பாடத்தில் நம் கோலாலம்பூர் வருகிறது. விரிவுரையாளர் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பெருமைப்பட முடியவில்லை. ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை" என்றாள். அவளுக்கு அன்று நான் நிறைவான விடை கூறவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவை அலைக்கழித்த நோய்களுள் பெரிபெரியும் ஒன்று. முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும், பின்பு உடல் வீங்கும், முடிவில் இதயம் தளர்ந்து நோயாளி மாள்வான். ஈய லம்பங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இதற்கு இரையாயினர். இது தொற்றுநோய் என்றனர் சிலர். குறிப்பிட்ட இடங்களின் மண்ணிலும் காற்றிலும் உறையும் நஞ்சு என்றனர் வேறு சிலர். நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவரோ வேறொன்றைக் கண்டார். ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசியை வாங்கி உண்ட சீனர் நோயுற்றனர். தம் வயலில் விளைந்ததைத் தாமே குத்தி உண்ட மலாய்க்காரரிடம் நோய் அரிது. புழுங்கலரிசி உண்ட தமிழரிடமும் அரிது. ஆகவே நோய் அரிசியில்தான் இருக்கிறது என்றார். அதற்குக் காரணம் அரிசியில் உண்டாகும் ஒரு நஞ்சு என அவர் கருதியது தவறு. ஆயினும் அவர் விரல் சுட்டிய இடம் சரியானதே.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் முன்னோர் அறிவியல் அறிந்தே புழுங்கலரிசி உண்டனர் என்று மேடைகளில் முழங்குவோரை நான் கேட்டிருக்கிறேன். தோட்டத்துத் தமிழன் உயிர் தப்பியது உண்மை. ஆனால், அவித்த நெல் எளிதில் உடையாது, பூச்சி பிடிக்காது, பல நாள் இருக்கும், பழகிய சோறு என்பவையே அவன் அறிந்த காரணங்கள். அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பதை அன்று எவரும் அறியார். தற்செயலாய் வாய்த்த நன்மையை மதிநுட்பம் என்று கொண்டாடுவது, அதே வேளையில் மாண்டுபோன சீனத் தொழிலாளியை மதியற்றவன் என்று இகழ்வதாகவும் முடியும். அதை நான் விரும்பவில்லை.

பிராடனின் கருத்தை மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்த மனநோயாளர் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் அதைச் சோதிக்க முற்பட்டார். 1905ஆம் ஆண்டில் அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் நோயாளிகள் எல்லாரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்புறமிருந்து எண்ணினர். ஒற்றைப்படை எண் பெற்றோர் முற்றத்தின் கிழக்கே இருந்த விடுதிக்குச் சென்றனர். அவர்கள் அதுவரை உண்ட அதே சயாம் அரிசியை உண்டனர். இரட்டைப்படை எண் பெற்றோர் மேற்கு விடுதிக்குச் சென்றனர். அவர்களுக்கு வங்காளத்துப் புழுங்கலரிசி. மற்ற உணவு யாவும் ஒன்றே. இடத்தில்தான் நோய் உள்ளதோ என்ற ஐயம் எழாதிருக்க, இடையில் இரு கூட்டத்தாரையும் விடுதி மாற்றியும் வைத்தார் பிளெட்சர்.

ஓராண்டு கழிந்தது. பின்னர் வந்து சேர்ந்தோரையும் கூட்டிப் பார்க்கையில், சயாம் அரிசி உண்டோர் 120 பேர். அவர்களுள் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோர் 123 பேர். நோய் கண்டவர் இருவரே. அவ்விருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். இந்நோயால் அங்கே எவரும் இறக்கவில்லை. 1907இல் 'லான்செட்' இதழில் இம்முடிவு வெளியாயிற்று. இக்காலத்து ஆய்வு நூல்கள் இதனை மிக நேர்த்தியான பழஞ்சோதனைகளுள் ஒன்றாகப் பாராட்டுகின்றன. நேர்த்தி என்பதில் ஐயமில்லை. வரிசையில் எங்கே நின்றான் என்பதைத் தவிர, கிழக்கு விடுதிக்காரனுக்கும் மேற்கு விடுதிக்காரனுக்கும் வேற்றுமையே இல்லை. சோதனையின் வலிமையும் அதுவே. என் மாணவியின் நெஞ்சைக் குத்தியதும் அதுவே.

பிளெட்சருக்காக வாதாடுவோர் கூறுவதை முதலில் நேர்மையோடு கேட்க வேண்டும். அவர் எவருக்கும் நஞ்சு ஊட்டவில்லை. கிழக்கு விடுதியாரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அவர்கள் முந்திய ஆண்டு உண்டதையே உண்டனர். சோதனையே நடவாதிருப்பின் இரு விடுதியாரும் அதையே உண்டிருப்பர். இறந்தோர் தொகை இன்னும் மிகுந்திருக்கும். ஆகவே அவர் பாதிப்பேரைக் காத்தார் என்பதே பொருந்தும். பாதிப்பேரைக் கொன்றார் என்பது பொருந்தாது என்பர். எது நன்று என்று எவரும் அறியாத நிலையில் எண்ணிப் பிரிப்பதைவிட நடுவுநிலைமையான வழி வேறு இல்லை என்றும் கூறுவர். தனக்கு வேண்டியவனைப் புழுங்கலரிசிப் பக்கம் அனுப்பும் வாய்ப்பு அங்கே மருத்துவருக்கு இல்லை. இவ்வாதத்தை நான் ஏற்கிறேன். அறியாமையின்போது பிரிப்பது குற்றமன்று.

ஆனால் அறியாமை எத்தனை நாள் நீடித்தது? கிழக்கு விடுதியிலிருந்து முதல் பிணம் வெளியேறியபோது அது தற்செயலாக இருக்கலாம். மூன்றாவதும் அவ்வாறே. எட்டாவது? பன்னிரண்டாவது? மேற்கு விடுதியில் ஒருவரும் சாகாத நிலையில், பதினேழாவது மனிதனை அடக்கம் செய்த மறுநாள் காலையிலும் கிழக்கே அதே அரிசிதான் உலையில் இடப்பட்டது. கண்டது போதாது, உலகம் நம்பும் அளவுக்குக் காண வேண்டும் என்பது அறிவியலின் கட்டளை. கண்டபின் பொறுத்திருத்தல் ஆகாது என்பது மருத்துவத்தின் கட்டளை. ஒரே மனிதர் இரண்டு கட்டளைகளையும் சுமந்து நின்றார். இதுதான் இந்நிகழ்ச்சியின் உள்ளே இருக்கும் முள் என நான் கருதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஏன் மனநோயாளர் மருத்துவமனை? எண்ணி நிறுத்தினால் நிற்பார்கள், இட்டதை உண்பார்கள், வெளியே போக மாட்டார்கள், ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆய்வுக்கு வசதியான இந்நற்பண்புகள் யாவும், மனிதன் என்ற நிலையில் அவர்களுக்கு நேர்ந்த குறைகள் அல்லவா? அன்று கோலாலம்பூரிலிருந்த ஐரோப்பிய அலுவலர் மன்றத்தில் உணவருந்தியோரை எவரும் ஒற்றை இரட்டையாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

இவ்வாறன்றி அறிய வழியே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. ஜாவாவில் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் 1890களிலேயே கோழிகளுக்குத் தீட்டிய அரிசியை இட்டு இத்தகைய நோயைக் கண்டிருந்தார்; அதற்காக 1929இல் நோபெல் பரிசும் பெற்றார். அவருடைய நண்பர் வோர்டர்மான் ஏறத்தாழ நூறு சிறைச்சாலைகளில் ஏற்கெனவே வழங்கப்பட்டு வந்த அரிசி எது, அங்கே நோய் எவ்வளவு என்று கணக்கெடுத்தார், 1897இல் வெளியிட்டார். எந்தக் கைதியின் தட்டையும் அவர் மாற்றவில்லை. அதற்கும் முன்னர் 1883இல் ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்றில் 376 பேரில் 169 பேர் நோயுற்று 25 பேர் இறந்தபோது, தக்காக்கி கனேகிரோ என்னும் கடற்படை மருத்துவர் அடுத்த ஆண்டு அதே வழியில் இன்னொரு கப்பலை உணவு மாற்றி அனுப்பச் செய்தார். அதில் இந்நோயால் எவரும் இறக்கவில்லை. ஆயினும் இச்சான்றுகளை உலகம் போதுமென ஏற்கவில்லை. கோழி வேறு, மனிதன் வேறு. சிறைக்குச் சிறை வேற்றுமை பல என்றது. ஐயுறுவது அறிஞர் இயல்பே. ஆனால் அந்த ஐயத்துக்கு விலை கொடுப்போர் ஐயுறும் அறிஞர்களாக இருப்பதில்லை.

பிளெட்சரின் முடிவுக்குப் பின்னும் சோதனை நிற்கவில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் 1907இல், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை அமைக்க வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு குழுவாக்கினர். பச்சரிசி உண்ட குழுவில் மூன்று மாத அளவில் நோய் தலைகாட்டியது. உடனே அந்த அரிசியை நிறுத்தினர், நோயும் நின்றது. இதுவரை நன்று. ஆனால் பின்னர், அதுவரை நலமாயிருந்த மற்றக் குழுவுக்குப் பச்சரிசியைக் கொடுத்துப் பார்த்தனர். அங்கும் நோய் தோன்றியது. பிளெட்சர் நலிந்தவரை நலிந்த நிலையில் விட்டார். இவர்கள் நலமாயிருந்தவரை நலிவுக்கு அனுப்பினர். முன்னதற்குச் சொல்லிய வாதம் பின்னதற்குப் பொருந்தாது. ஆயினும், 1909இல் வெளியான இச்சோதனையை அடுத்துத்தான், 1910இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய அரிசியே பெரிபெரிக்குக் காரணம் என்னும் கருத்தை ஏற்றுத் தீர்மானம் செய்தது. பின்னாளில் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்த சத்துக்குத் தயமின் என்று பெயரிட்டனர்.

இப்படிப் பெற்ற அறிவு எல்லாத் தட்டுகளுக்கும் போய்ச் சேர்ந்ததா? மணிலாவில் தீர்மானம் நிறைவேறி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும், அதே பிலிப்பைன்ஸ் நாட்டின் பத்தான் மாநிலத்தில் பெரிபெரியால் மக்கள் மாண்டுகொண்டிருந்தனர். சத்தூட்டிய அரிசியை அங்கே 1940களின் இறுதியில் வழங்கிப் பார்த்தபோது இறப்பு பெரிதும் குறைந்தது. கிழக்கு விடுதியார் பதினெண்மர் உயிர்கொடுத்துப் பெற்றுத் தந்த அறிவை நாற்பது ஆண்டுகள் பயன்படுத்தாமல் வைத்திருப்பது என்ன வகைக் குற்றம் என்பதை மருத்துவர்களைவிட ஆட்சியாளர்களே சிந்திக்க வேண்டும்.

இக்காலத்தில் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. 1986இல் அமெரிக்காவில் எயிட்ஸ் நோய்க்கு ஏ.இசட்.டி. என்னும் மருந்தைச் சோதித்தனர். உண்மை மருந்து உண்டவருள் ஒருவரும், வெறும் மாத்திரை உண்டவருள் 19 பேரும் இறந்திருந்த நிலையில், சோதனை குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டு, மற்றவர்களுக்கும் மருந்து கிடைத்தது. அங்கே 19, இங்கே 18. எண்ணிக்கையில் பெரிய வேற்றுமை இல்லை என்று தோன்றலாம். ஆனால் அங்கே நோயாளிகள் அறிந்து ஒப்பியவர்கள். மேலும், சோதனையை நடத்துவோரைச் சாராத குழு ஒன்று இடையிடையே கணக்கைத் திறந்து பார்த்தது. நிறுத்து என்று சொல்வதற்காகவே அது அமர்ந்திருந்தது. இரண்டு கட்டளைகளையும் ஒரே தோளில் சுமத்தக் கூடாது என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதன் அடையாளம் அது. நூரம்பர்க் நெறிகள் 1947இலும், ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இலும் தோன்றின. நெறிகள் எழுதப்பட்ட பிறகும், அமெரிக்காவின் டஸ்கிகியில் மேகநோய் கண்ட கறுப்பின ஏழைகளை மருந்தின்றிக் கவனித்து வந்த ஆய்வு 1972 வரை நடந்தது என்பதையும் மறத்தலாகாது.

மருத்துவரைப் பற்றி இவ்வளவு எழுதும் தகுதி எனக்கு உண்டா? பல ஆண்டுகளுக்கு முன், பணியிடைப் பயிற்சியின் ஒரு பகுதியாக, நானும் ஓர் ஆய்வு செய்தேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை, வருகைப் பதிவேட்டின் ஒற்றை இரட்டை எண்படி இரு வகுப்பாக்கினேன். ஒரு வகுப்புக்கு உயிரெழுத்து, மெய்யெழுத்து என வழக்கமான முறை. மற்றதற்குப் படத்தோடு முழுச் சொல்லையும் காட்டிப் படிப்பிக்கும் புதுமுறை. புதுமுறையே வெல்லும் என்பது என் நம்பிக்கை. ஆண்டின் நடுவிலேயே அவ்வகுப்புப் பிள்ளைகள் படத்தை மறைத்தால் சொல்லைப் படிக்க மாட்டாமல் விழித்தனர். ஆனால் ஆய்வறிக்கைக்கு முழு ஆண்டின் மதிப்பெண்கள் வேண்டும். இடையில் நிறுத்தினால் ஆய்வு ஆய்வாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிக்கைக்குப் பாராட்டும் கிடைத்தது. அவ்வகுப்பில் படித்த பையன் ஒருவன் மூன்றாம் ஆண்டிலும் வாசகத்தைப் படிக்குமுன் பக்கத்தின் மூலைகளில் படம் தேடுவான். ஒன்றும் இல்லையென்றால் என்னை நிமிர்ந்து பார்ப்பான்.

எவரும் இறக்கவில்லை. இதனைப் பிளெட்சரோடு ஒப்பிடுவது மிகையென்று நண்பர்கள் கூறக்கூடும், கூறட்டும்.

சென்ற மாதம் அந்த மாணவி தொலைபேசியில் அழைத்தாள். ஆய்வறம் பற்றி அவர்களுக்குக் கட்டுரை ஒன்று தரப்பட்டிருக்கிறதாம். "பிளெட்சர் இருந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் எந்த மாதத்தில் நிறுத்தியிருப்பீர்கள், ஐயா?" என்று கேட்டாள். நான் ஜூன் மாதத்திலேயே அறிந்திருந்தேன் அம்மா, நவம்பர் வரையில் நிறுத்தவில்லை என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பையனைப் பற்றிச் சொன்னேன்.