யாருடைய ஆட்டம்?

சென்ற பங்குனியில் பாலவனத்தத்துக்குப் போயிருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகிற சாலையில் இருக்கும் ஊர். அந்தப் பருவத்தில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தி எடுத்து முடிந்திருக்கும். ஜனங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. பொங்கல் விழாவை ஒட்டி, ஊருக்கு வெளியே ஒரு திடலைக் கொத்திப் பதமாக்கி, தண்ணீர் தெளித்து, இரவு பத்து மணிக்கு மேல் கபடிப் போட்டி நடத்தினார்கள். எங்கள் இளமையில் அதற்குச் சடுகுடு என்று பெயர்.

முதல் பரிசை இன்னார் தம் தகப்பனார் நினைவாகத் தருகிறார் என்று ஒலிபெருக்கி பத்து தடவையாவது சொல்லியிருக்கும். அவருக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு துண்டு போர்த்தினார்கள். அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அடுத்த வருஷம் அவர் கொடுக்காவிட்டால் இன்னொருவர் கொடுப்பார். எவருமே கொடுக்காவிட்டாலும் பையன்கள் ஆளுக்கு ஐம்பது நூறு போட்டு ஒரு கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு ஆடிவிடுவார்கள். பணம் கொடுத்தவர் ஆட்டத்துக்கு உதவினார்; ஆட்டம் அவருடையது ஆகிவிடவில்லை.

என் பக்கத்தில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பேரன் அன்று ஆட இருந்தான். பெரிய போட்டிகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஒன்றுக்கு அவனை யாரோ கூப்பிட்டிருந்தார்களாம். அவள் என்னிடம் கேட்டாள்: "ஏலத்துல எடுப்பாகளாமே தம்பி! கம்மா மீனை ஏலம் விடுவாக. கோயில் புளியமரத்தை விடுவாக. ஆளையுமா விடுறாக?"

நான் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை.

கிழவி கேட்ட ஏலத்தின் கதை இதுதான். 2014ஆம் ஆண்டு எட்டு அணிகளுடன் புரோ கபடி லீக் தொடங்கியது. முதல் ஏலத்தில் மிக அதிக விலை 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2022இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத் என்ற வீரரை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியவில்லை. இதற்கிடையே 2015இல் போட்டியை நடத்தும் நிறுவனத்தில் 74 சதவீதப் பங்கை ஸ்டார் தொலைக்காட்சி வாங்கிவிட்டது. அப்போது ஸ்டார், மர்டாக்கின் கம்பெனிக்குச் சொந்தம். 2019இல் அது டிஸ்னியின் கைக்குப் போயிற்று. 2024இல் அது ரிலையன்ஸின் தொலைக்காட்சித் தொழிலோடு இணைந்தது. மிக்கி எலியைப் படைத்த கம்பெனிக்கும் நம் சடுகுடுவுக்கும் என்ன உறவு என்று எந்த ஜோசியனாலும் சொல்லியிருக்க முடியாது! மேடை இப்படிக் கைமாறியபோதெல்லாம் கீழே ஆடிக்கொண்டிருந்தவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலம் விற்கும்போது குடிவாரக்காரனைக் கேட்பதுண்டா?

2016இல் பெண்களுக்கும் மூன்று அணிகளை வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள். ஒரு வருஷத்தோடு அது நின்றது. பெண்கள் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. திடல்களில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த மேடையை நிறுத்த ஒருவருடைய தீர்மானம் போதுமானதாக இருந்தது. எனக்கு உறுத்துவது இதுதான்.

உடனே, "ஆகா, பழைய காலமே பொற்காலம்" என்று வாசகர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். நானும் அந்த மண்ணில் வளர்ந்தவன். சடுகுடு தொட்டு ஆடுகிற ஆட்டம். காலைப் பிடித்து, இடுப்பைக் கட்டி, ஒருவன்மேல் ஒருவனாய் விழுந்து ஆடுகிற ஆட்டம். யார் யாரைத் தொடலாம், தொடக்கூடாது என்று தெருத் தெருவாகக் கோடு கிழித்து வைத்திருந்த சீமையில் அதை எப்படி ஆடினோம்? தெருவுக்கு ஓர் அணி. சில தெருக்களுக்கு அணியே கிடையாது. இருந்தாலும் அழைப்புக் கிடையாது. 'ஊர் ஆட்டம்' என்றோம். அந்த ஊரில் எத்தனை தெரு சேர்த்தி என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஏலம் போடுகிற கம்பெனி, பையனின் தெருவைக் கேட்பதில்லை. அவன் எத்தனை பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவான் என்று மட்டுமே கேட்கிறது. ஊரின் பாசத்தைவிடக் கம்பெனியின் கணக்கு இந்த ஓர் இடத்தில் நேர்மையாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன்.

சங்கங்களும் பரிசுத்தமாக இருந்துவிடவில்லை. அகில இந்தியக் கபடிச் சம்மேளனத்தில் கணவர் பல்லாண்டுகள் தலைவர். பிறகு மனைவி தலைவர், கணவர் ஆயுட்காலத் தலைவர். 2018இல் டெல்லி உயர்நீதிமன்றம் தலையிட்டு நிர்வாகி ஒருவரை நியமிக்க வேண்டியிருந்தது. குடும்பச் சொத்தாக இருப்பதைவிடக் கம்பெனிச் சொத்தாக இருப்பது மோசம் என்று யார் சொல்ல முடியும்?

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் பௌலிங் என்று ஓர் ஆட்டம். வழவழப்பான மரப்பாதையில் கனத்த பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்ப்பார்கள். வாரத்தில் ஒரு மாலை கூட்டாளிகளோடு அணி சேர்ந்து ஆடுவது அங்கே சாதாரணத் தொழிலாளியின் இன்பமாக இருந்தது. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களின் சங்கம் 1958இல் உருவாயிற்று. 2000இல் மைக்ரோசாப்டில் இருந்த மூவர் அதை வாங்கினார்கள். 2019இல் பௌலெரோ என்ற கம்பெனி வாங்கியது. நூற்றுக்கணக்கான பௌலிங் கூடங்களும் அதற்கே சொந்தம். களமும் அவர்களுடையது, போட்டியும் அவர்களுடையது. வாரந்தவறாமல் வருகிற பழைய ஆட்டக்காரனைவிட, பிறந்தநாள் விருந்துக்கு ஒரு நாள் வருகிற கூட்டம் அதிக லாபம் என்று கணக்குப்பிள்ளை சொன்னால், செவ்வாய்க்கிழமை மாலை யாருக்குக் கிடைக்கும்? இதில் வில்லன் யாரும் இல்லை. கணக்கு சரியாகவே இருக்கும்.

பாலவனத்தம் என்றதும் பாண்டித்துரைத் தேவரின் நினைவு வராமல் போகாது. அந்த ஜமீன்தார் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். தமிழ் அவருடைய சொத்தாகிவிடவில்லை. 1911இல் அவர் மறைந்தார், சங்கம் இருக்கிறது. அதே மனிதர் கம்பெனி என்ற ஏற்பாட்டைக் கண்டு முகம் சுளித்தவரும் அல்லர். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அதன் தலைவராக இருந்தவர் அவர். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 40,000 பங்குகள், பங்கு ஒன்று 25 ரூபாய். அந்தக் காலத்தில் 25 ரூபாய் சிறிய தொகையல்ல. ஆனாலும் ஒரு சாதாரண வியாபாரி சேர்த்து வைத்து வாங்கக்கூடிய தொகை. கப்பலில் சரக்கு ஏற்றுகிறவனே கப்பலில் ஒரு துளிக்குச் சொந்தக்காரனாகவும் இருக்க முடிந்தது. கம்பெனி நிலைக்கவில்லை; அந்நிய ஆட்சியும் போட்டிக் கம்பெனியும் சேர்ந்து நெருக்கின. அது வேறு கதை.

ஆகவே, கம்பெனி கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டாம் என்று ஆனபோது கைகழுவிவிட்டுப் போகிற உரிமை யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். ஜெர்மனியில் கால்பந்துச் சங்கங்களுக்கு ஒரு விதி உண்டு: பணக்காரர் எவ்வளவு கொட்டினாலும், சில விலக்குகள் தவிர, வாக்குரிமையில் பாதிக்கு மேல் சங்க உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். தமிழ் தலைவாஸ் அணியில் 25 ரூபாய்ப் பங்கு ஒன்று அருப்புக்கோட்டை நெசவாளிக்கும் திருச்சுழி விவசாயிக்கும் ஏன் இருக்கக் கூடாது? ஆடுகிறவர்களுக்கு, தங்கள் மேடை விற்கப்படும்போது பேச ஒரு நாற்காலி ஏன் இருக்கக் கூடாது? இது பைத்தியக்கார யோசனை என்று சிலர் சொல்லலாம். தூத்துக்குடியில் கப்பல் விடுவதையும் அப்படித்தான் சொன்னார்கள்.

இதெல்லாம் பின்னால் யோசித்தவை. அன்று இரவு கிழவிக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டியிருந்தது. "தேர்வுக்குப் போகச் சொல்லவா தம்பி?"

"போகட்டும், ஆத்தா. நல்ல காசு வரும்" என்றேன். பஸ் செலவுக்கு என்று கொஞ்சம் பணமும் கொடுத்தேன்.

அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டே அவள் கேட்டாள்: "காலு கையி ஒடைஞ்சா யாரு பாப்பாக? அந்தக் கம்பெனிக்காரக ஊர் வரைக்கும் வருவாகளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கி அவன் அணியைக் களத்துக்குக் கூப்பிட்டது. கிழவி எழுந்து நின்றுவிட்டாள்.