சொல்லாத சொல்லும் கடனே

சரக்கில் குறையிருந்தால் ஒரே பார்வையில் கண்டுகொள்ளும் வியாபாரி, தம் சிப்பந்தியிடம் குறை கண்டால் அதனை அவரிடமே எடுத்துச் சொல்லத் தயங்குகிறார். அந்தத் தயக்கத்துக்குத் தாட்சண்யம் என்று நாம் பெயர் சூட்டிக் கொள்கிறோம். அது உண்மையில் தாட்சண்யந்தானா என்பது நம் வர்த்தகப் பெருமக்கள் சிந்திக்க வேண்டிய கேள்வியாகும்.

பூச்சோங்கில் இரவும் பகலும் நடக்கும் ஓர் உணவகத்தை எண்ணிக் கொள்வோம். இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அங்கே வேலை பார்க்கிறார். சில வாரங்களாக அவர் ஆர்டரை மாற்றிக் கொண்டு வருகிறார், கணக்கில் தவறுகிறார், வேலைக்குப் பிந்தி வருகிறார். முதலாளி அவரிடம் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால், கல்லாவில் அமர்ந்தபடி மற்றச் சிப்பந்திகளிடம் சொல்கிறார். பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்கிறார். எல்லாருக்கும் தெரிந்த குறை உரியவருக்கு மட்டும் தெரியவில்லை. பின்பு ஒருநாள், மேசைகள் நிறைந்த நண்பகலில், ஒரு கோப்பை உடைந்ததைச் சாக்கிட்டுப் பல வாரக் கோபமும் பலர் முன்னிலையில் கொட்டுகிறது.

மௌனமும் சுடுசொல்லும் ஒன்றுக்கொன்று எதிரானவை என நினைக்கிறோம். இல்லை, முன்னது ஈன்ற பிள்ளைதான் பின்னது. இரண்டிலுமே அந்த இளைஞர் திருந்துவதற்கு வழியில்லை. குறையை உரியவரிடம் சொன்னால் அது நஸீஹத்து. ஊராரிடம் சொன்னால் அது புறம். காலத்தே சொல்ல வேண்டிய சொல், காலத்தே தீர்க்க வேண்டிய கடனைப் போன்றது. தள்ளிப் போட்டால் வளருமேயன்றிக் குறையாது.

எப்படிச் சொல்வது? பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த கிராமவாசியைத் தோழர்கள் அதட்டியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை நாம் அறிவோம். அவரை விட்டுவிடச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். அதன்பின் அது எத்தகைய இடம் என்பதை அவருக்கு எடுத்துரைத்தார்கள். அங்கே கடுமை இல்லை. ஆயினும் தவறு சொல்லப்படாமலும் விடப்படவில்லை. கண்ணோட்டத்துக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும், இரக்கத்தால் காரியம் கெட்டுவிடலாகாது என்பதை அங்கேயே நினைவூட்டுகிறார்.

இங்கே மற்றொன்றையும் மறக்கலாகாது. வெளிநாட்டிலிருந்து வந்த ஊழியரின் பெர்மிட், அவரை வரவழைத்த முதலாளியோடு கட்டுண்டது. படுக்கும் இடமும் பெரும்பாலும் முதலாளி தந்ததே. வேலை போனால் சம்பளம் போகும். இந்நாட்டில் தங்கும் உரிமையும் போகும். ஊரில் பட்ட கடன் மட்டும் நிற்கும். இத்தகையவர் "சரி முதலாளி" என்று தலையசைப்பதை ஒப்புதல் எனக் கொள்ளலாமா? அது அச்சமாக இருக்கலாம். ஆகவே கடை ஓய்ந்த வேளையில், தனியே, உட்கார வைத்துப் பேச வேண்டும். "நீ சோம்பேறி" என்பது தீர்ப்பு. "தம்பி, இந்த வாரம் 3 நாள் பிந்தி வந்திருக்கிறாய், என்ன சங்கதி?" என்பது கேள்வி. பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஊரில் தாயார் நோயுற்றிருக்கலாம். சட்டப்படி வாரம் 1 நாள் கிடைக்க வேண்டிய ஓய்வு அவருக்குக் கிடைக்காமலும் இருக்கலாம். அவ்வாறாயின் குறை நம் பக்கத்தது. அதைக் கேட்கும் நெஞ்சுரம் உள்ளவரே குறை சொல்லவும் தகுதியுடையவர்.

நாட்டுச் சட்டமும் இதையே வேண்டுகிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை நடத்த வேண்டும். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி 60 நாட்களுக்குள் முறையிடலாம். திறமைக் குறைவே காரணமெனில், முன்னதாக எச்சரித்தீரா, திருந்த அவகாசம் தந்தீரா, அதன்பின்னும் அவர் தேறவில்லையா என்று தொழில் நீதிமன்றம் கேட்கும். நீதிமன்றம் கேட்குமுன் நம் மனசாட்சி கேட்க வேண்டிய கேள்விகள் அல்லவா இவை!

கேட்டும், சொல்லியும், அவகாசம் தந்தும் வேலை தேறாமற் போகலாம். அப்போது பிரிவதில் பாவமில்லை. பிரிவதையும் மறைக்காமல் நேரில் சொல்லி, சேர வேண்டியதைக் குறைவறக் கொடுத்து அனுப்புவதே நியாயம்.

"பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச நேரமேது?" எனச் சிலர் கேட்கக்கூடும். பக்கத்துக் கடைக்காரரிடம் குறைகூறச் செலவிட்ட நேரத்தில் பாதி போதும்.

ஒவ்வோர் இரவும் கல்லாவை எண்ணிக் கணக்கு முடிக்கிறோம். நம் ஆட்களில் எவரிடமேனும் சொல்லாமல் வைத்திருக்கும் சொல் உண்டா என்பதையும் அவ்வேளையில் எண்ணிப் பார்ப்போமாக. உண்டெனில், அந்தக் கடனை நாளைக்குத் தள்ளாதிருப்போமாக.