நிழலுக்கு வரவு செலவு உண்டா?

பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று கீதையைக் காட்டி யாராவது சொன்னால் விவசாயிக்குச் சிரிப்புத்தான் வரும். பலனுக்காகத்தானே தோப்புக்குள் இறங்குகிறோம்? ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கும் எனக்கு, 2024இல் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

உலகச் சந்தையில் கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டிய வருடம் அது. தோப்புக்கு வந்த வியாபாரி அண்ணாந்து பார்த்துவிட்டு, "நிழல் ஜாஸ்திங்க. ஊடால நிக்கிற கிளைரிசிடியா, இலவம் எல்லாத்தையும் எடுத்துட்டு உரத்தைக் கூட்டுங்க, காய் கொட்டும்" என்றார். பொய் இல்லை. கானாவின் டாஃபோ ஆராய்ச்சி நிலையம் 1950களில் தொடங்கிய சோதனையிலும் நிழலை எடுத்து உரம் போட்டதும் விளைச்சல் எகிறியது. பிற்பாடு அந்த மரங்கள் சீக்கிரமே ஓய்ந்துபோனதும் அதே சோதனையில்தான்.

அப்படியானால் நிழலை விட்டுவை, நெடுநாள் சம்பாதிக்கலாம் என்பார்கள். அதுவும் கணக்குத்தானே? இன்றைக்கே பறிக்க நினைப்பது பேராசை என்றால், முப்பது வருடத்துக்குப் பரப்பிப் பறிப்பது மட்டும் அறமாகிவிடுமா? நீடித்த வேளாண்மை பற்றிய பிரசுரங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும். பொறுமையான வியாபாரிகளாக இருக்கத்தான் அவை கற்றுத்தருகின்றன. (அதுவே பெரிசு என்பாள் என் மனைவி. வீட்டுக் கணக்கு அவள் கையில்.)

கோகோ அடிமரத்துப் பட்டையிலேயே பூக்கும். நகத்தளவே உள்ள, வெளுத்த ரோஸ் நிறப் பூ. நூறு பூத்தால் ஐந்து காயாவதே அபூர்வம். மகரந்தம் சேர்ப்பது தேனீ இல்லை, கொசுவிலும் சிறிய ஒரு பூச்சி. ஈரச் சருகிலும் அழுகும் கோகோ ஓட்டிலும் வாழை மட்டையிலும்தான் அது பெருகும். நிழல் போனால் சருகு காயும், பூச்சியும் குறையும். என் மனசு சுத்தமா என்று அந்தப் பூச்சி கேட்பதில்லை, சருகில் ஈரம் இருந்தால் அதற்குப் போதும். எனக்கு இது ஆறுதலாகவும் இருக்கிறது, கொஞ்சம் அவமானமாகவும் இருக்கிறது.

இப்போது கணக்கே மாறிவிட்டது. கேரள வாடல் நோய் வந்து எங்கள் பக்கம் தென்னைகளை வெட்டுகிறோம். அடியில் இருந்த கோகோ வெயிலில் நிற்கிறது. தென்னையை மட்டும் நம்பிய இடத்தில் நிழல் ஒரே நோயில் போகிறது. அந்த இடங்களில் பலாக்கன்று வைக்கிறேன். அறுபதைத் தாண்டியவன் வைக்கும் பலா விரிந்து நிற்கும்போது தோப்பு யார் பெயரில் இருக்கும், வீட்டுமனையாகியிருக்குமா, யார் கண்டது? இங்கேதான் கீதை கொஞ்சம் பிடிபடுகிறது. பலன் வரட்டும், அது என் கைக்கே வரவேண்டும் என்ற பிடியைத்தான் விடச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கிணற்றடிப் புளியமரத்தை வைத்தவர் யாரென்று எனக்கும் தெரியாது, புளி மட்டும் வருஷா வருஷம் வீட்டுக்கு வருகிறது.

ஆனால் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக நிழல் மரத்தை விற்ற ஒரு கானா விவசாயியிடம் போய் இதைச் சொல்லமாட்டேன். பற்றை விடு என்பது நாளைச் சோற்றுக்கு வழி உள்ளவன் பேசுகிற பேச்சு. அவன் வெட்டிய மரத்தின் பாவத்தில் மலிவான சாக்லேட் தின்ற எல்லோருக்கும் பங்கு உண்டு.

பலாவைப் பற்றி மகனிடம் சொன்னபோது, "ஜாதிக்காயும் சேர்த்து வைங்கப்பா, காசாச்சும் ஆகும்" என்றான். இரண்டையும் வைத்தோம். வாய்க்கால் ஓரத்து நல்ல இடத்தையெல்லாம் ஜாதிக்காய்க்கு எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கத்தை என் பலாவுக்கு விட்டிருக்கிறான்.