மீனின் தீனியும் வியாபாரியின் மனச்சாட்சியும்



தராசில் ஏறாத ஒன்றுக்கு வியாபாரி பொறுப்பாளியா? இக்கேள்வியையே இம்முறை ஆராயப் புகுகின்றோம். எடையில் குறை வைப்பது பாவம் என்பதை நம்மில் அறியாதார் இல்லை. பழைய சரக்கைப் புதிய சரக்கென்று கூறி விற்பதும் அவ்வாறே. ஆனால், ஒரு மீனின் வயிற்றுக்குள் என்றோ சென்று சதையாகிவிட்ட தீனியைப் பற்றியும் நாம் கவலைப்படத்தான் வேண்டுமா?

இக்கேள்வி நமக்குத் தானாகத் தோன்றவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஈப்போவில் நம் உணவுக்கடைக்கு ஒரு குட்டைக்காரரிடம் வாரந்தோறும் கெளுத்தி மீன் வாங்கி வந்தோம். பிறரைவிட விலை குறைவு; மீனோ கொழுத்திருக்கும். ஒரு நாள் முதிய மலாய்க்காரர் ஒருவர், சோற்றில் கை வைக்கு முன், "இந்த மீன் எதைத் தின்று வளர்ந்தது?" என்று அமைதியாகக் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. மீன் புதியது என்று மட்டும் சொன்னோம். அவர் புன்னகைத்துவிட்டுக் காய்கறியோடு உண்டு எழுந்தார்.

மறுநாள் குட்டைக்காரரிடம் சென்று விசாரித்தோம். நகரத்து உணவுக்கடைகளின் எச்சங்களை, இன்ன கடையின் எச்சம் என்ற பேதமின்றி, பீப்பாயில் ஏற்றி வந்து குட்டையில் கொட்டுவதாக ஒளிவின்றிச் சொன்னார். நாம் கோபித்தோம். அவர் கூறிய மறுமொழி இன்றும் நம் நெஞ்சில் தைத்திருக்கின்றது. "முதலாளி! வாரந்தோறும் கிலோவுக்கு இருபது காசு குறை, முப்பது காசு குறை என்றீர்கள். அந்தக் காசை நான் தீனியில் குறைக்காமல் வேறு எதில் குறைப்பது?"

அவர் சொன்னதில் கணக்கு இருந்தது. மீன் வளர்ப்பில் ஆகும் நடைமுறைச் செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போகின்றது. அதுவும் சிறு தொழிலன்று. 2022ஆம் ஆண்டில் உலகில் வளர்த்தெடுத்த மீன், இறால் முதலியவை 9 கோடியே 44 லட்சம் டன். கடலிலும் ஆற்றிலும் பிடித்ததை அவ்வாண்டில்தான் முதன்முறையாக அது விஞ்சியது என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் கூறுகின்றது. நம் கிந்தா பள்ளத்தாக்கையே பாருங்கள். 1985இல் ஈயச் சந்தை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்ட பின், நீர் நிறைந்து கிடந்த ஈயக்குட்டைகள் பலவற்றில் இன்று மீன் வளர்கின்றது. நம் கடைகளின் சட்டியில் கொதிக்கும் திலாப்பியாவும் கெளுத்தியும் பாத்தினும் பெரும்பாலும் ஒருவர் ஊட்டி வளர்த்தவையே.

இங்கேதான் அறத்தின் முதல் முடிச்சு இருக்கின்றது. ஆற்று மீன் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். ஓரிடத்தில் இல்லையேல் வேறிடம் செல்லும். குட்டையிலும் கூண்டிலும் அடைபட்ட மீனுக்கு அவ்வழி இல்லை. நாம் போடுவதே அதன் உலகம். பூனையொன்றை அடைத்து வைத்து, தானும் உணவளிக்காமல், அது வெளியே சென்று தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கின்றோம். அடைத்தவன் மீது ஊட்டும் கடன் ஏறிவிடுகின்றது என்பதே அதன் படிப்பினை.

அக்கடன் வயிற்றை நிரப்புவதோடு தீர்வதில்லை. வைட்டமின் 'சி' என்னும் சத்தை வளர்ப்பு மீன்களில் பெரும்பாலானவை தம் உடலில் உண்டாக்கிக்கொள்ள இயலாதவை. தீனியில் அது இல்லையெனில் முதுகெலும்பு வளைந்து கூனிப்போகும். பச்சையாக வெட்டிப் போடும் கழிவு மீனை எடுத்துக்கொண்டால், அவ்வகைகள் சிலவற்றில் வைட்டமின் 'பி1'ஐ அழிக்கும் பொருளொன்று உண்டு. அதையே நாளும் தின்னும் மீன் வயிறு நிறைந்தும் சத்துக் குன்றும். வயிறு நிறைந்த பட்டினி என்று இதைச் சொல்லலாம்.

அப்படியானால் நல்ல தீனி எது? நெடுங்காலமாக மீன்தூளே சிறந்த தீனி எனக் கருதப்பட்டது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கடலில் பிடிக்கும் நெத்திலி இன மீனே அதற்குப் பெரிய ஆதாரம். 2023இல் கடல்நீர் சூடேறிக் குஞ்சுகளே மிகுந்ததால், அந்நாடு அவ்வாண்டின் முதற்பருவ மீன்பிடிப்பையே கைவிட்டது. எங்கோ ஒரு கடல் காய்ச்சல் கண்டால் இங்கே தீனி விலை ஏறுகின்றது. ஆகவே மாற்றுத் தீனி தேடுவதைக் குறைகூற இயலாது. கடலை வாரிக் குட்டைக்குக் கொட்டுவதைவிட அது மேலானதும் ஆகலாம். ஆனால் மாற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் உண்டு.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தோர் கொட்டை வெடித்துச் சிதறும் ஓசையை மறந்திருக்க மாட்டார்கள். அக்கொட்டையின் பருப்பில் புரதமும் எண்ணெயும் உண்டு. கூடவே சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருளும் உண்டு. உலர்த்தியும் வேகவைத்தும் நாட்கள் சில கிடக்கவிட்டும் நஞ்சைக் குறைத்த பின்னரே அது தீனிக்கு ஆகும். பகாங் மக்கள் அதே கொட்டையை நெடிது பக்குவம் செய்து 'ஆசாம் ரோங்' என்னும் உணவாக்கி உண்கின்றார்கள். பொருள் ஒன்றே, பக்குவம் பார்த்தவனுக்கு உணவு, அவசரப்பட்டவனுக்கு நஞ்சு. சோயாவின் கதையும் இத்தகையதே. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. சூடேற்றினால்தான் அது அடங்கும். செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கையும் ஆராய்ந்திருக்கின்றார்கள். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளில், சிவப்புத் திலாப்பியாவின் தீனியில் நூற்றுக்கு 20 பங்கு வரை அதைச் சேர்த்தும் வளர்ச்சி குன்றவில்லை. அளவை மீறினால் நார் மிகுந்து செரிப்புக் குறையும். இப்பொழுது கழிவில் வளரும் ஈப் புழுக்களையும் தீனியாக்குகின்றார்கள். அங்கும் நம் கேள்வி ஒரு படி பின்னே செல்கின்றது: அப்புழு எதைத் தின்றது?

தீனியோடு சேர்க்கும் துணைப் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். நம் மளிகைக் கடைகளில் கிடக்கும் பூண்டும் கருஞ்சீரகமும் சோதனைகள் பலவற்றில் மீனின் நோயெதிர்ப்பைக் கூட்டியிருக்கின்றன. மேற்சொன்ன பல்கலைக்கழகத்திலேயே, உணவு அமிலங்கள் சில கலந்த தீனியைத் தின்ற திலாப்பியாக்கள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நோய்க்கிருமியை எதிர்கொண்டபோது குறைவாகவே மாண்டன என 2009இல் வெளியிட்டார்கள். ஆனால் அவற்றின் வளர்ச்சி சொல்லத்தக்க அளவு கூடவில்லை. விற்போர் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதியை மட்டும் சொல்வது எடையில் பாதியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. நெருக்கியடைத்து, அழுக்கு நீரில் வைத்துவிட்டு, மருந்துத் தூளால் அதை ஈடுசெய்ய நினைப்பது குற்றத்தை மூடுவதே.

மோசடிக்கும் உதாரணம் உண்டு. 2007இல் அமெரிக்காவில் நாய், பூனைத் தீனியில் மெலமைன் என்னும் இரசாயனம் கலந்திருந்தது வெளிப்பட்டது. மீன் தீனியிலும் அது புகுந்திருந்தது. மாவில் புரதம் எவ்வளவு என்பதைச் சோதனைச்சாலைகள் நைட்ரஜனை அளந்தே கணக்கிடுவதால், புரதமே இல்லாத மெலமைனைக் கலந்து புரதம் மிகுந்ததாகக் காட்டினார்கள். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து உலர்ந்ததை மேலே குவித்த வியாபாரியை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நம் நினைவுக்கு வரவில்லையா?

மார்க்கச் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. இந்நாட்டுத் தேசிய பத்வாக் குழு, 2006 ஏப்ரலில் கூடிய தன் 73ஆவது கூட்டத்தில், வேண்டுமென்றே நஜீஸான நீரில் வளர்த்த மீனும், பன்றி இறைச்சி, செத்த பிராணி போன்றவற்றை வேண்டுமென்றே ஊட்டி வளர்த்த மீனும் உண்ணத் தகாதவை என முடிவு செய்தது. அசுத்தம் தின்னும் பிராணியை அடைத்து, நல்ல தீனி கொடுத்துத் தூய்மையாக்கிய பின் உண்பது பற்றி இமாம்கள் முன்னரே பேசியிருக்கின்றார்கள். கோழிக்கு 3 நாள், ஆட்டுக்கு 7 நாள் என்றெல்லாம் நூல்களில் காணலாம். இன்றைய மருத்துவ விதியும் இதற்கு அருகிலே நிற்கின்றது. மருந்து ஊட்டிய மீனை, அம்மருந்து உடலைவிட்டு நீங்கும் வரை விற்கலாகாது. ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்த தீனிக்கு அமெரிக்காவில் 21 நாள் காத்திருக்க வேண்டும். காத்திராமல் விற்றால் மருந்தின் மிச்சம் நம் வயிற்றுக்கு வருகின்றது. மருந்தை அளவின்றிப் போட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகுகின்றன. தீனி வெறும் தீனியன்று, உண்பவனின் உடம்பில் ஒரு பங்கு என்பதை மார்க்கமும் மருத்துவமும் இருவேறு மொழியில் சொல்கின்றன.

இனி, நம் கேள்விக்கு வருவோம். "நமக்குத் தெரியாது, குட்டைக்காரர் செய்தார்" என்று சொல்லித் தப்பலாமா? தெரிந்துகொள்ள இயலாதவனுக்கு மன்னிப்பு உண்டு. கேட்டால் தெரியும் என்ற நிலையில், கேட்டால் விலை ஏறிவிடுமோ என அஞ்சிக் கேளாமல் இருந்தவனுக்கு அது பொருந்துமா? நாம் அப்படித்தான் இருந்தோம். கேளாமல் இருந்ததற்கு நம் கல்லாவில் கூலி விழுந்தது. வாடிக்கையாளர் மீனைப் பார்த்து உண்ணவில்லை, நம் கடையின் பெயரைப் பார்த்து உண்டார். அந்நம்பிக்கை நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

சுரை விதைத்தால் அவரை முளைக்காது. கழிவுக்குரிய விலையை நாம் கொடுத்துவிட்டுத் தூய மீனை எதிர்பார்ப்பதும் அத்தகையதே. ஆகவே குட்டைக்காரரை மட்டும் ஏசுவதில் நியாயமில்லை. அவரிடம் தீனி என்னவென்று கேளுங்கள். மூட்டையைக் காட்டச் சொல்லுங்கள். மருந்து போட்டிருந்தால் எத்தனை நாளாயிற்று என விசாரியுங்கள். அவர் நேர்மையாக நடந்தால், அந்நேர்மைக்கு ஆகும் காசைப் பேரம் பேசிப் பிடுங்காதீர்கள்.

நாம் இன்று வேறொருவரிடம் மீன் வாங்குகின்றோம். கிலோவுக்குச் சில காசுகள் கூடுதல்தான். அந்த முதியவர் மறுபடி நம் கடைக்கு வரவில்லை. வந்து அதே கேள்வியைக் கேட்பாராயின், இப்பொழுது நம்மிடம் விடை இருக்கின்றது.